மேரி இரும்பு

மாதா துணை
கவரைப்பேட்டை
20-1-1968

அன்புத் தம்பி ஜெயராஜுக்கு அக்கா எழுதுவது. இங்கே நானும் சாராளும் சுகம். அங்கே பிலாயில் குளிர் எப்படி, நெஞ்சுச்சளி விட்டதா, கம்பளி வாங்கினாயா, இல்லை அந்தப் பணத்திலும் சினிமா பார்த்தாயா, எல்லாம் மறைக்காமல் எழுது.

பொங்கல் முடிந்த கையோடு கூடை ஷெட்டைத் திறந்துவிட்டார்கள். ஊத்துக்கோட்டைப் பக்கத்து மாந்தோப்பெல்லாம் இந்த வருஷம் இலை தெரியாமல் பூத்திருக்கிறதாம். கல்கத்தா வியாபாரி ஒருவர் பழக்கூடை எல்லாவற்றுக்கும் கைப்பிடி வேண்டும் என்கிறாராம், பிடி இல்லாததைத் தொடவே மாட்டாராம். அதனால் பிடி வைக்கிற ஜோடிகளான எங்களுக்கு நிமிர நேரமில்லை.

நீ ஷெட்டைப் பார்த்து வருஷங்கள் ஆகின்றன. சாப்பாட்டைத் தவிர எதையும் நினைவில் வைக்காதவன் நீ, அதனால் திரும்பச் சொல்கிறேன். ஜோடியில் ஒருத்தி வெளிக்கை, ஒருத்தி உள்கை. வெளிக்கை மூங்கில் பிடியைக் கூடையின் விளிம்பில் வைத்து ஆணி அடிப்பாள். உள்கை கூடைக்குள் கையை விட்டு ஓர் இரும்புக் கட்டியை விளிம்போடு அழுத்திப் பிடிப்பாள். ஆணி முனை அந்தக் கட்டியில் முட்டி மடங்கிக்கொள்ள வேண்டும். கட்டி நழுவினால் ஆணி நேரே உள்ளங்கைக்குள் இறங்கும். போன வாரம் அஞ்சம்மாளுக்கு அப்படித்தான் ஆனது. பாவம், ஒரு கத்தல் கத்தினாள், மஞ்சளை அப்பிக்கொண்டாள், மறுநாள் வந்துவிட்டாள். வராமல் என்ன செய்வாள்? ஜோடிக்குத்தான் கூலி. ஜோடிக்குத்தான் முதலாளி கட்டின லைன் வீட்டில் ரூம். ஒருத்தி படுத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் இடம் போயிற்று.

எங்கள் ஜோடி நன்றாக ஓடுகிறது. என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு என்று மிஞ்சினது அவர் தங்கச்சி சாராள், அவளுக்கு மிஞ்சினது நான். அவர்கள் சபையில் மாதா படத்தைக் கும்பிட மாட்டார்கள் அல்லவா, நான் மெழுகுவத்தி ஏற்றினால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் காற்றடித்தால் ஓடிப்போய்க் கதவைச் சாத்துவாள். அவளைக் கட்டிக்கொள்ள முறையுள்ள ஒரு தடியன் பிலாயில் இருக்கிறான் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அந்தத் தடியனும் கொஞ்சம் யோசித்தால் தேவலை.

உன் வரவையும் கடிதத்தையும் எதிர்பார்க்கும்
அக்கா ஆரோக்கியமேரி


பிலாய்
5-2-1968

அன்புள்ள அக்காவுக்கு ஜெயராஜ் வணக்கம். உடம்பு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. கம்பளியும் வாங்கினேன், சினிமாவும் பார்த்தேன். சாராளை விசாரித்ததாகச் சொல். நீ எழுதின மற்ற விஷயத்தை நேரில் பேசலாம், எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அது இருக்கட்டும், ஒரு வருஷமாகவே கேட்க நினைக்கிறேன், உன் எழுத்துக்கு என்ன வந்தது? கோழி கிளறின மாதிரி இருக்கிறது. உன் கையெழுத்தைக் காட்டிக் காட்டித்தானே வாத்தியார் என்னை அடிப்பார்!

அஞ்சம்மாள் சங்கதியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆணியை வாங்கிக்கொள்வதற்கு என்று ஒரு மனுஷியின் கையா? இதென்ன அக்கிரமம். நான் இங்கே இரும்பாலை மெஷின் ஷாப்பில் ஃபிட்டர். எதைச் சொன்னாலும் செய்துவிடுவான் இந்த மதராசி என்று ஃபோர்மனே சொல்கிறார். என் அக்கா வேலை செய்கிற இடத்தில் இப்படியா?

படம் போட்டுவிட்டேன். ரொம்பச் சுலபமான சாமான். பெஞ்சில் போல்ட் போட்டு நிறுத்துகிற ஒரு கனத்த கம்பி. மேல் நுனி முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். அதன் தலை சப்பட்டை, அதில் ஒரு சின்னப் பள்ளம். கூடையை அதன்மேல் கவிழ்த்து மாட்டினால் விளிம்பு சப்பட்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளியிலிருந்து ஓர் அடி. ஆணி முனை பள்ளத்தில் சறுக்கித் தானாகவே மடங்கி மூங்கிலுக்குள் போய்விடும். உள்ளே யாரும் கையை விட வேண்டாம்.

அக்கா, இனி உன் ஒரு கை போதும். உன் கையைப் பற்றி இங்கே சொல்லாத ஆள் இல்லை. ஒரே போடில் ஆணியைத் தலைவரைக்கும் இறக்குவாள் எங்கள் அக்கா என்று சொன்னால் பஞ்சாபிக்காரன்கூட வாயைப் பிளக்கிறான். ஜோடிக் கூலி முழுவதையும் நீயே வாங்கப்போகிறாய், பார்.

உன் கையில் அடிவாங்கி வளர்ந்த தம்பி
ஜெயராஜ்


மாதா துணை
கவரைப்பேட்டை
22-2-1968

தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம். நாங்கள் சுகம். உன் கடிதம் வந்து சந்தோஷம்.

சாமான் எதுவும் செய்ய வேண்டாம். கம்பெனி இரும்பை எடுத்து நீ வம்பில் மாட்டிக்கொள்ளாதே. அதோடு எங்கள் மேஸ்திரி பூவராகவன் ஒரு மாதிரி ஆள், புதிதாக எதைக் கொண்டுபோனாலும் அவருக்குப் பேஜாருதான். எங்களுக்கும் பழகின வேலை பழகினபடியே போகட்டும்.

இன்னொன்றும் நீ யோசிக்கவில்லை. உள்கை வேண்டாம் என்று ஆகிவிட்டால் உள்கையாக இருக்கிறவள் எங்கே போவாள்? ஒவ்வொரு ஜோடியிலும் ஒருத்தி இருக்கிறாள் அல்லவா? அவளுக்கும் வயிறு இருக்கிறது. கையில் ஆணி ஏறினால் ஆறிவிடும்.

எழுத்து கோணலாக இருப்பது பேனா முள்ளால். வேறொன்றுமில்லை. அக்கா சொல்கிறேன், வேண்டாம் என்றால் வேண்டாம். சளிக்கு மிளகு போட்டுப் பால் குடி.

அக்கா ஆரோக்கியமேரி


பிலாய்
14-3-1968

அன்பு அக்காவுக்கு, இங்கே எல்லாம் சுகம், அங்கேயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

நீ ஏன் வேண்டாம் என்கிறாய் என்று கண்டுபிடித்துவிட்டேன். உனக்குச் சாராளைப் பற்றிக் கவலை. நீ ஒண்டியாகவே அடித்துவிட்டால் உள்கையாக இருக்கிற அவளை அனுப்பிவிடுவார்களே என்று பார்க்கிறாய். அட அக்கா, உன் தம்பிக்கு அது தெரியாதா? அவளுக்கும் ஒன்று செய்து அனுப்புகிறேன். அவளும் சுத்தியலைப் பிடிக்கட்டும். கண் பார்வை இருக்கிறது, இரண்டு கை இருக்கிறது, பிறகு என்ன? ஒரு ஜோடி போய் இரண்டு வெளிக்கை ஆகிவிடும். வீட்டுக்கு இரட்டைக் கூலி.

முதல் சாமான் முடிந்துவிட்டது. ஃபோர்மனிடம் கேட்டு, கழித்துப் போட்ட கம்பியில்தான் செய்தேன், திருட்டு இரும்பு இல்லை, பயப்படாதே. அரம் போட்டுப் போட்டுத் தலையைக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருக்கிறேன். கழுத்தில் உன் பேரை, ஆ.மே. என்று புள்ளிப் புள்ளியாகக் குத்தியிருக்கிறேன். வேறு எவளும் என்னுடையது என்று சண்டைக்கு வரக்கூடாது பார்!

பொன்னேரி அரசப்பன் லீவில் வருகிறார். அவர் டிரங்குப் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன். பெட்டி இடுப்பை ஒடிக்கிறது என்று வழியெல்லாம் என்னைத் திட்டுவார், நீ ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்.

ஜெயராஜ்


(எழுதித் தபாலில் போடாத கடிதம்)

கவரைப்பேட்டை
27-3-1968

ஜெயராஜ், சுகம் விசாரிக்கிறதெல்லாம் பிறகு. முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இப்போது வெளிக்கை இல்லை. நான்தான் உள்கை. சாராள்தான் அடிக்கிறாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசி மழையில் லாரியிலிருந்து மூங்கில் கட்டு இறக்கும்போது ஒரு கட்டு உருண்டு என் வலது மணிக்கட்டின்மேல் விழுந்தது. எலும்பு முறிந்துவிட்டது. புத்தூருக்குப் போய் எலும்புக் கட்டு போட்டிருந்தால் நேராகியிருக்கும். நான் கட்டு போட்டுக்கொண்டு படுத்திருந்தால் ரூமும் வேலையும் காத்திருக்குமா? துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. சுத்தியலைத் தூக்கினால் கை திரும்பாது, பிடி தானாக விட்டுவிடும். பேனா பிடிக்கிறதே பெரும்பாடு. சாராள் என் சுத்தியலை எடுத்துக்கொண்டாள். அவளுடைய இரும்புக் கட்டியை என் இடது கையில் வைத்தாள். அன்றிலிருந்து இப்படித்தான் பிழைக்கிறோம். அவள் இல்லாவிட்டால் நான் இல்லை.

உனக்கு ஏன் சொல்லவில்லை? அவர் செத்தபோது நீ என்ன செய்தாய்? அம்பத்தூரில் நல்ல வேலை, அதை உதறிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய். பிறகு எத்தனை நாள் தெருத்தெருவாக வேலை தேடினாய். எனக்குக் கை உடைந்தபோது உனக்குப் பிலாயில் வேலை நிரந்தரமாகவில்லை. சொல்லியிருந்தால் மறுவண்டியில் வந்து நின்றிருப்பாய். கொஞ்ச நாள் போகட்டும் என்று இருந்தேன். அதற்குள் கடிதத்துக்குக் கடிதம் அக்கா கை, அக்கா கை என்று எழுத ஆரம்பித்துவிட்டாய். எப்படிச் சொல்வேன்?

உன் சாமானைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தோம். சாராள் ஒரு கூடையை மாட்டி ஓர் ஆணி அடித்தாள். ஆணி அழகாக மடங்கிக்கொண்டது. நான் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எனக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. சாராள் என்னைப் பார்த்தாள், அழுதுவிட்டாள். "இத்த எங்கனா ஏரில கொண்டும்போய் போட்டுடு அண்ணி," என்றாள். போட எனக்கு மனம் வரவில்லை. நீ அரம் போட்டுச் செய்தது. அவர் வேட்டிக்கு அடியில் பெட்டியில் வைத்திருக்கிறேன். மேஸ்திரி கண்ணில் இது பட்டால் நான் ஒழிந்தேன், என்னோடு எல்லா உள்கையும் ஒழிந்தார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. இதைப் படித்ததும் நீ ஓடி வந்துவிடுவாய் என்றும் பயமாக


(கார்டு)
கவரைப்பேட்டை
29-3-1968

அன்புத் தம்பிக்கு, இருவரும் சுகம். அரசப்பன் சாமானைக் கொண்டுவந்து கொடுத்தார். டீயும் நாஷ்டாவும் வாங்கிக் கொடுத்தேன். சாமான் ரொம்ப நன்றாயிருக்கிறது. இரண்டாவது செய்ய வேண்டாம், ஒன்றே போதும். வெயில் ஆரம்பித்துவிட்டது, மோர் குடி. அக்கா.


பிலாய்
2-5-1968

கவரைப்பேட்டை பழக்கூடை ஷெட் மேஸ்திரி உயர்திரு பூவராகவன் அவர்கள் சமூகத்துக்கு, தங்களிடம் வேலை செய்யும் ஆரோக்கியமேரியின் தம்பி ஜெயராஜ் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

நான் என் அக்காவுக்கு ஒரு சாமான் செய்து அனுப்பினேன். கூடைக்குப் பிடி வைக்க உள்கை தேவைப்படாத சாமான். சாமானைக் கொண்டுவந்து கொடுத்த அரசப்பன் லீவு முடிந்து திரும்புமுன் ஷெட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாராம். ஜோடிகள் பழையபடி கட்டியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்களாம், என் சாமான் கண்ணிலேயே படவில்லையாம். அதற்குப் பிறகு நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் என் அக்கா பதில் எழுதவில்லை. தங்களிடம் கேட்கப் பயந்துகொண்டு அதை வீட்டிலேயே வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

ஐயா, தாங்கள் அவளைத் தடுக்க வேண்டாம். ஒரு நாள் பெஞ்சில் மாட்டிப் பாருங்கள், பிறகு தாங்களே விடமாட்டீர்கள். கடிதத்தோடு படமும் அளவும் வைத்திருக்கிறேன். அங்கேயுள்ள கொல்லர் யாரும் இதைப் பார்த்துச் செய்துவிடலாம். முதலாளிக்கும் இதில் லாபம்தான், ஒவ்வொரு கூடைக்கும் ஓர் ஆள் வேலை மிச்சம். அந்த லாபத்தில் கொஞ்சம் என் அக்கா கூலியில் சேர்ந்தால் தங்கள் பேரைச் சொல்லி நாங்கள் சாப்பிடுவோம். அவள் கணவனை இழந்தவள், ஆனால் கை பலமுள்ளவள். அவள் கையை நம்பித்தான் இதைச் செய்தேன்.

தங்கள் தயவை நாடும்
ஜெயராஜ்


கர்த்தர் பெரியவர்
கவரைப்பேட்டை
3-6-1968

மாமா அவர்களுக்கு சாராள் எழுதுவது. கல்யாணமாகாத நான் உங்களுக்கு நேராக எழுதுவது முறையில்லை. அண்ணிக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். நான் சுகம். அண்ணி சுகமில்லை.

உங்கள் அக்கா வெளிக்கை இல்லை, உள்கை. வலது மணிக்கட்டு உடைந்து கோணலாகக் கூடிப் போன வருஷத்துக்கு முந்தின மழையிலிருந்து சுத்தியல் பிடிக்க முடியாது. நான்தான் அடிக்கிறேன். நீங்கள் வேலையை விட்டு ஓடி வந்துவிடுவீர்கள் என்று உங்களிடம் மறைத்தார்கள். நீங்கள் அனுப்பின சாமான் வெளியே வந்தால் உள்கை வேண்டாம் என்று ஆகிவிடும் என்றுதான் அதைப் பெட்டியில் மறைத்தார்கள்.

உங்கள் கடிதத்தை மேஸ்திரி ஷெட்டு நடுவில் நின்று உரக்கப் படித்தார். ஓர் ஆள் வேலை மிச்சம் என்கிற இடத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு நேராக எங்கள் ரூமுக்கு வந்தார். "இன்னாம்மா மேரி, ஒன் தம்பி தங்கமாட்டம் ஒரு சாமானம் அனுப்பிக்கீறான், நீ பொட்டில வச்சிப் பூட்டிக்கினு கீறியே?" என்று சிரித்தார். அண்ணி சாவியைக் கொடுக்கவில்லை. அவரே பூட்டைத் தட்டி எடுத்துக்கொண்டு போனார்.

தணிகாசலம் கொல்லர் ஒரு வாரத்தில் எல்லா ஜோடிக்கும் செய்து கொடுத்துவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கழுத்தில் நீங்கள் குத்தியிருந்த புள்ளியைக் காட்டி மேஸ்திரி, "இது இன்னாத்துக்கு நைனா?" என்று கேட்டதற்கு, "பிலாய்க்காரன் சும்மாவா குத்திக்கிறான்? அது இல்லாம ஆணி மடங்காம பூட்டா இன்னா பண்றது?" என்று சொல்லி எல்லாவற்றிலும் அப்படியே குத்திவிட்டார். இப்போது ஷெட்டில் எந்தப் பெஞ்சைப் பார்த்தாலும் ஆ.மே. தான். எங்களோடு உள்கையாக இருந்த குப்பாயி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். அன்றைக்கே அதற்கு மேரி இரும்பு என்று பேர் வந்துவிட்டது.

உள்கைகள் எல்லோரையும் நிறுத்திவிட்டார்கள். அண்ணியையும்தான். குப்பாயி அண்ணியின் முகத்துக்கு நேராக மண்ணை அள்ளி வீசினாள். "ஒன் தம்பி அங்க குந்திக்கினு எங்க சோத்துல மண்ணப் போட்டான், நீ ஒன் பேர வேற பொறிச்சிக் குடுத்துக்கீறே. நல்லா இருடீம்மா," என்று சொன்னாள். அண்ணி துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. தானும் வேலை போனவள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இனி ஜோடி கிடையாது, ஒரு ரூமுக்கு இரண்டு வெளிக்கை என்று மேஸ்திரி உத்தரவு. என் ரூமில் பூவம்மாளைப் போட்டிருக்கிறார்கள். வெளியாள் தங்கினால் எனக்கும் இடமில்லையாம். அண்ணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாதா கோயில் வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். நானும் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். இடது கையால் என் கன்னத்தில் அறைந்தார்கள். நான் சோறு கொண்டுபோனால் சாப்பிட்டாயிற்று என்கிறார்கள். எங்கே சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா?

நீங்கள் செய்த இரும்பில்தான் மாமா நான் தினமும் அடிக்கிறேன். ஒவ்வோர் அடிக்கும் என் நெஞ்சு வேகிறது. உங்கள் பேரில் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஏதாவது செய்யுங்கள்.

சாராள்


பிலாய்
12-6-1968

அக்கா, அக்கா,

என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதுகிறேன். சாராளைத் திட்டாதே, அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். என்னிடம் ஏன் மறைத்தாய்? கோழி கிளறின எழுத்து என்று உன்னைக் கேலி செய்தேனே! உடைந்த கையைப் பிடித்துக்கொண்டு நீ எனக்கு மிளகுப்பால் குடி என்று எழுதியிருக்கிறாய். நான் பெரிய புத்திசாலி மாதிரி மேஸ்திரிக்கே படம் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஊரில் எவன் எதிரியாக இருந்தாலும் இவ்வளவு கெடுதல் செய்திருக்க மாட்டான்.

சாராள் கடிதம் வந்த அன்றே மேஸ்திரிக்குத் தந்தி கொடுத்தேன். சாமானைத் திருப்பிக் கொடுங்கள், பழையபடி ஜோடி போடுங்கள் என்று கெஞ்சினேன். பதில் வந்தது. முதலாளி உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார் என்று ஒரே ஒரு வரி.

நீ இங்கே வந்துவிடு. பொன்னேரிக்காரர் இன்னொருவர் அடுத்த வாரம் கிளம்புகிறார், அவர் கூடவே வந்துவிடு. எனக்கு ஒரு ரூம் இருக்கிறது. நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாம், என் கண் முன்னால் இருந்தால் போதும். சாராளுக்கும் நான் வழி செய்கிறேன். அவளுக்குச் சம்மதமானால் நீ சொன்ன முறைப்படியே. இப்போது அவள் என் முகத்தில் விழிப்பாளா என்பது வேறு. வராந்தாவில் படுக்காதே அக்கா, மழை வந்தால் நனைவாய். உன் காலில் விழுகிறேன், வா.

ஜெயராஜ்


மாதா துணை
கவரைப்பேட்டை
28-6-1968

தம்பி ஜெயராஜுக்கு அக்கா எழுதுவது. உயிரோடு இருக்கிறேன், அதையே சுகம் என்று வைத்துக்கொள். நீ சாப்பிடுவதில்லை என்று அரசப்பன் வீட்டுக்கு எழுதியிருக்கிறார். சாப்பிடு. நீ பட்டினி கிடந்தால் எனக்கு வயிறு நிறையுமா?

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். கோபம் இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னேனே, ஏன் கேட்கவில்லை? ஏன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது என் தலையெழுத்து. இரண்டு பேரும் பாசத்தைக் காட்டிக் காட்டியே இந்த இடத்துக்கு வந்து நிற்கிறோம்.

போன வாரம் மேஸ்திரியிடம் போனேன். எனக்கும் ஒரு பெஞ்சு கொடுங்கள், அடித்துப் பார்க்கிறேன் என்றேன். யாருக்கும் தெரியாமல் கோயில் தோட்டத்தில் கல்லை வைத்துப் பழகிப் பார்த்திருந்தேன். அவர் மறுக்கவில்லை. நீ செய்தனுப்பின அதே இரும்பு நிற்கிற பெஞ்சில் என்னை உட்கார வைத்தார். ஷெட்டில் எல்லோரும் சுத்தியலை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். கூடையை மாட்டினேன். முதல் அடி பிடியில் விழுந்தது. இரண்டாவது அடிக்குக் கையைத் தூக்கும்போதே மணிக்கட்டு விட்டுவிட்டது. சுத்தியல் பறந்துபோய்ச் சாராள் காலடியில் விழுந்தது. மேஸ்திரி திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "வுடும்மா, ஒன்னால ஆவாது, ஊட்டுக்குப் போ," என்று மெதுவாகச் சொன்னார். எந்த ஊட்டுக்கு?

எழுந்திருக்குமுன் உன் இரும்பைத் தடவிப் பார்த்தேன். ஏதாவது குறை இருந்தால் உன்னைத் திட்டலாம் என்று தேடினேன். ஒரு குறையும் இல்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாய்.

பிலாய்க்கு வா என்கிறாய். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், வண்டி ஏறிவிடலாம். அஞ்சம்மாள் ஆறாத கையோடு எண்ணூர்ப் பக்கம் மண் சுமக்கப் போயிருக்கிறாள். குப்பாயி ஆரம்பாக்கத்தில் அவள் நாத்தனார் வீட்டு வாசலில் கிடக்கிறாளாம். அவர்களை எந்தத் தம்பி கூப்பிடுவான்? இங்கே இருக்கிறவர்கள் நான் குழாயடிக்குப் போனால் பாதிக் குடத்தோடு எழுந்து போய்விடுகிறார்கள். என் பேரைச் சொல்லித்தான் தினமும் ஷெட்டில் வேலை நடக்கிறது. மேரி இரும்பைக் கொடு, மேரி இரும்பை நகர்த்து என்று சத்தம் கோயில் வரைக்கும் கேட்கிறது. நான் ரயிலேறிவிட்டால், அவள் செய்துவிட்டு ஓடிவிட்டாள் என்றுதான் சொல்வார்கள். நான் வரமாட்டேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ எதைச் சொன்னாலும் செய்கிறவன் என்று உன் ஃபோர்மன் சொல்கிறார் அல்லவா? இரண்டு பேர் இருந்தால்தான் ஓடும் என்கிற மாதிரி ஒரு சாமான் செய். ஒருத்தி எழுந்து போனால் அடுத்தவளால் ஓர் ஆணிகூட அடிக்க முடியக்கூடாது. ஆனால் இப்போது இருப்பதைவிட வேகமாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் மேஸ்திரி தொடமாட்டார். அந்த இரண்டாவது ஆளுக்குக் கை பலம் தேவைப்படக் கூடாது. கால் போதும், கண் போதும், சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்கிற மாதிரி இருக்கட்டும். அப்படிச் செய்துவிட்டால் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள். நான் பைத்தியம் பிடித்து எழுதவில்லை தம்பி, பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து யோசித்துத்தான் எழுதுகிறேன். சீக்கிரம் செய்து அனுப்பு. நான் தினமும் தபால்காரரைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அக்கா


(கார்டு)
பிலாய்
8-7-1968

அக்காவுக்கு ஜெயராஜ். கடிதம் கிடைத்தது. அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறேன். எத்தனையோ படம் போட்டுக் கிழித்தேன். எதைப் போட்டாலும், இதில் இந்த ஓர் ஆளையும் எடுத்துவிடலாமே என்றுதான் கை போகிறது. வேறு மாதிரி எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஃபோர்மனைக் கேட்டேன், நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சாமானை எனக்குச் செய்யத் தெரியவில்லை அக்கா. லீவு கேட்டேன், கிடையாது என்றார்கள். இருந்தாலும் சனிக்கிழமை வண்டி ஏறுகிறேன். குப்பாயியும் அஞ்சம்மாளும் இருக்கிற இடத்தைச் சரியாக விசாரித்து வை. முதலில் அவர்களிடம்தான் போக வேண்டும். போய் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.
ஜெயராஜ்